வெட்டினால் பூக்கும் ரோசா

பள்ளித் தோட்டத்து ரோசாச் செடியைக் கத்தரிக்கத் தொடங்கியபோது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அழுதுவிட்டாள். "ஏன் டீச்சர் வெட்டுறீங்க?" என்றாள். அன்று எனக்குச் சரியான விடை தெரியவில்லை. பின்னரே தேடிப் படித்தேன்.

ஐரோப்பாவின் பழைய ரோசாக்களுள் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே, அதுவும் முந்தைய ஆண்டுக் கிளைகளில் பூத்தன. பூக்குமுன் ஒட்ட வெட்டினால் அவ்வாண்டு பூவே இராது. சீன ரோசாக்களோ புதுத் தளிரிலேயே மீண்டும் மீண்டும் பூப்பவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவை ஐரோப்பாவை அடைந்தன, இரண்டும் கலந்தன. பிரான்சில் 1867இல் அறிமுகமான 'லா பிரான்ஸ்' ரோசாவை 'ஹைப்ரிட் டீ' வகையின் முதல் செடி என்பர். நம் வீட்டுத் தொட்டிகளில் வளர்பவற்றுள் பல அவ்வகையைச் சேர்ந்தவை. வெட்டியதும் தளிர்த்துப் பூப்பது அந்தச் சீன மரபின் கொடை.

குளிர்கால முடிவில் கத்தரிக்குமாறு மேலைநாட்டு நூல்கள் கூறும். நமக்கு ஏது குளிர்காலம்? பூத்து ஓய்ந்ததும், வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுகிறேன். கரும்புள்ளி விழுந்த இலைகளையும் அகற்றிவிடுவேன். நம் மழைக்கு அந்நோய் விரைந்து பரவும்.

ஏழாவது வாரம் செடி பூத்தது. முதலில் கண்டவள் அம்மாணவிதான். இப்போது கத்தரிக்கோலைத் தன்னிடம் தருமாறு கேட்கிறாள். நான்தான் இன்னும் கொடுக்கவில்லை.