முன்வரிசையும் காலரியும்: பாலே ரசிகரின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1842இல் மரி தாலியோனி பீட்டர்ஸ்பர்க்கை விட்டுக் கிளம்பியபோது அவருடைய பழைய ஆட்டச் செருப்பு ஒரு ஜோடியைச் சில கனவான்கள் விலைக்கு வாங்கி, வேகவைத்து, குழம்பு ஊற்றி, விருந்தில் தின்றார்கள் என்று ஒரு கதை உண்டு. பாலே வரலாறு எழுதுகிறவர்கள் இதை எடுத்துச் சொல்லாமல் விடுவதில்லை. சிரிப்பதற்காகச் சொல்கிறார்கள். நடந்ததா இல்லையா என்பதல்ல என் கவலை. ரசிகனைப் பைத்தியக்காரனாகக் காட்டிவிட்டால் அவன் வேறென்ன செய்தான் என்று யாரும் கேட்க மாட்டார்கள். செருப்பு இருக்கட்டும், அதைப் போட்டிருந்த கால்கள் யாருக்குச் சொந்தமாக இருந்தன? அந்தக் கேள்வியிலிருந்துதான் ரசிகரின் வரலாற்றை எழுத வேண்டியிருக்கிறது.

நானும் பாலே ரசிகன்தான். சோவியத் பத்திரிகைகளின் வழவழப்பான தாள்களில் உலானவாவைப் பார்த்து, பிறகு திரையில், வீடியோவில் என்று தேடிப்போன தலைமுறை. "மேட்டுக்குடி சமாச்சாரம், அதுக்குப் போய் என்னத்துக்கு இப்படி உருகுறே?" என்று தோழர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு முடிவும் சேர்ந்தே இருக்கிறது: ரசிகன் என்றால் ஒன்று சீமான், இல்லையென்றால் ஏமாந்தவன். இந்த இரண்டுக்கும் வெளியே ரசிகருக்கு இடமே கிடையாதா?

1

1830 ஜூலைப் புரட்சிக்குப் பிறகு பாரிஸ் ஆப்பெரா அரசவையின் கையிலிருந்து நழுவியது. 1831இல் லூயி வெரோன் அதை அரசு மானியத்தோடு குத்தகைக்கு எடுத்தார். வைத்தியம் படித்தவர், இருமல் மருந்து விற்றுக் காசு பார்த்தவர். புதுப் பணக்கார வர்க்கத்துக்கு எதை விற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆட்டக்காரர்கள் உடம்பைத் தயார்ப்படுத்திக்கொள்ளும் மேடைக்குப் பின்னால் இருந்த கூடத்தை அவர் சந்தாதாரர்களுக்குத் திறந்துவிட்டார். பெட்டி இருக்கைக்கு ஆண்டுச் சந்தா கட்டினவன் உள்ளே போகலாம், பேசலாம், பொறுக்கிக்கொள்ளலாம். உள்ளே கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுச் சிறுமிகள். ஆப்பெராவின் 'எலிக்குஞ்சுகள்' என்று அவர்களுக்குப் பெயர். சம்பளம் வயிற்றுக்குக்கூடக் காணாது. மிச்சத்தைச் சந்தாதாரர் 'ஆதரவு' பார்த்துக்கொள்ளும். பாலே ரசிகன் என்ற தன்னிலை உருவான இடம் இதுதான்: பார்க்கிற கண்ணும் வாங்குகிற கையும் ஒரே உடம்பில் இருந்த இடம்.

அடுத்த ஆண்டே, 1832 மார்ச் 12இல், 'லா சில்ஃபீட்' அரங்கேறியது. தாலியோனி விரல்நுனியில் நின்று, எடையே இல்லாதவர்போல மிதந்தார். கையில் பிடிக்க முடியாத ஒரு தேவதைப் பெண்ணின் கதை. கையில் பிடிப்பதற்கு மேடைக்குப் பின்னால் கூடம் திறந்திருக்கிறது. மேடையிலோ பிடிபடாத பெண். இது தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எடை இல்லாத பெண்ணுடம்பு என்கிற கற்பனைக்கு மறுபக்கமாக ஒரு விலைப்பட்டியல் இருந்தது.

கைதட்டலும் சும்மா வரவில்லை. ஒகுஸ்த் லவாசேர் என்பவர் கூலிக் கைதட்டுக் கூட்டத்தின் தலைவர். எந்த இடத்தில் தட்டுவது, எவ்வளவு தட்டுவது என்று இயக்குநரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்வார். 'ஜாக்கி கிளப்' கனவான்களுடைய அதிகாரம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு 1861 மார்ச் மாதம் சாட்சி. ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். அதனால் பாலே இரண்டாம் அங்கத்தில்தான் வர வேண்டும். வாக்னர் 'டான்ஹாய்சர்' நாடகத்தில் அதை முதல் அங்கத்திலேயே வைத்துவிட்டார். விசில் அடித்தே மூன்றாம் ஆட்டத்தோடு நாடகத்தைக் கவிழ்த்தார்கள்.

அடுத்த ஆண்டு நவம்பரில், ஒத்திகையின்போது எரிவாயு விளக்கின் தீ எம்மா லிவ்ரியின் பாவாடையைப் பற்றிக்கொண்டது. நெருப்புப் பிடிக்காத கரைசலில் துணியை நனைக்கும் முறை அப்போதே இருந்தது. நனைத்தால் துணி விறைக்கும், வெண்மை மங்கும். அவர் வேண்டாம் என்று மறுத்திருந்தார். எட்டு மாத வேதனைக்குப் பிறகு 1863 ஜூலையில் இறந்தபோது வயது 20. அவராகத் தேர்ந்துகொண்டது என்று சொல்லலாம். ஆனால் மங்கலான பாவாடையோடு மேடையேற முடியாது என்று அவருக்குள் உட்கார்ந்து சொன்ன கண் யாருடையது?

2

இந்தக் கண்ணின் எதிரே நம் பெண்கள் ஒருமுறை போய் நின்றார்கள். 1830இல் பாரிஸ் ஆப்பெராவில் 'கடவுளும் பயதேரும்' என்ற நாடகத்தில் தாலியோனி இந்திய நடனப்பெண்ணாக ஆடியிருந்தார். 'பயதேர்' என்பது கோயில் நடனப்பெண்ணுக்கு ஐரோப்பா வைத்த பெயர். எட்டு வருஷம் கழித்து, 1838 ஆகஸ்டில், நிஜமான தேவதாசிகள் பாரிஸ் வந்து இறங்கினார்கள். கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஒரு பிரெஞ்சு வியாபாரி ஒப்பந்தம் போட்டுக் கூட்டிப்போன சின்னக் குழு. அதில் 18 வயது 'அமானி'. பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்த பெயர். நம் காதுக்கு அது அம்மணி.

அவளைப் பார்த்து மெய்மறந்து எழுதியவர் தியோஃபில் கோத்தியே. அந்நாளின் பெரிய பாலே ரசிகர். கார்லோத்தா கிரிசிக்காக 1841இல் 'ஜிஸேல்' கதையை உருவாக்கியவர்களில் ஒருவர். அம்மணியின் தோல், கண், நகை என்று வரி வரியாக வர்ணித்தார். பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வார்த்தார். அவள் ஆடியது என்ன, அந்த ஆட்டத்தின் இலக்கணம் என்ன, பின்னால் நின்று பாடியவர்கள் என்ன பாடினார்கள் என்பதெல்லாம் அந்த ரசனைக்குத் தேவைப்படவில்லை. வந்தவள் போய்விட்டாள். பிம்பம் தங்கிவிட்டது.

அதே பயதேர் பிம்பம் 1877இல் பீட்டர்ஸ்பர்க்கில் 'லா பயதேர்' ஆக மேடையேறியது. நடன அமைப்பு மரியுஸ் பெத்திபா. அவரோடு சேர்ந்து கதை எழுதியவர் செர்கே குதெகோவ்: பத்திரிகை ஆசிரியர், பேர்பெற்ற பாலே வெறியர். அதாவது, முன்வரிசை ரசிகரே எழுதிக்கொண்ட கதை. தேவதாசி நிக்கியாவை ஆசைப்படும் தலைமைப் பிராமணன், காதலித்துக் கைவிடும் வீரன், பூக்கூடைக்குள் பாம்பு. அவள் செத்த பிறகுதான் நாடகத்தின் உச்சம் வருகிறது: வெள்ளை உடுத்த நிழல்பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் இறங்கி வரும் காட்சி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிற காட்சி. அழுதுகொண்டே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்: உயிரோடு வந்த அம்மணிக்கு இல்லாத மரியாதை, செத்துப்போன நிக்கியாவுக்கு ஏன்?

ரசிகையின் காதலும் இப்படி வேலை செய்ததுண்டு. அன்னா பாவ்லோவாவிடம் மனதைப் பறிகொடுத்த ருக்மிணி தேவி, 1920களின் கடைசியில் அவரோடு கப்பலில் பயணம் செய்தார்; அவர் குழுவின் கிளியோ நோர்தியிடம் பாலே கற்றார். உன் நாட்டு ஆட்டத்தைப் போய்ப் பார் என்று பாவ்லோவா சொன்னதிலிருந்து தொடங்கிய பாதை 1935இல் அடையாறு மேடைக்கு வந்தது. அந்தப் பாதையில் சதிர் பரதநாட்டியம் ஆனதையும், ஆடிவந்த பெண்கள் ஓரங்கட்டப்பட்டதையும் இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கலையை நேசித்து, கலைக்காரியைக் கழித்துவிடுகிற நேசமும் உண்டு.

3

பீட்டர்ஸ்பர்க் மாரியின்ஸ்கி அரங்கு ஜாருடைய அரண்மனை அமைச்சகத்தின் கீழ் இருந்தது. முன்வரிசை நாற்காலிகளில் தளபதிகளும் கனவான்களும் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள். கிட்டத்தட்ட குடும்பச் சொத்து. 'பாலெத்தோமான்', அதாவது பாலே பித்தர் என்ற சொல் இவர்களுக்கானது. ஸ்கல்கோவ்ஸ்கி என்ற சுரங்கப் பொறியாளர், பெசப்ரஸவ் என்ற தளபதி போன்றவர்கள் நுணுக்கமாக விமர்சனம் எழுதினார்கள். அறிவில்லாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த அறிவு அதிகாரத்தின் மடியில் உட்கார்ந்திருந்தது.

அதே அரங்கின் உச்சியில் 'ராயொக்' இருந்தது. குட்டிச் சொர்க்கம் என்று அர்த்தம். காலரிதான். மாணவர்கள், கீழ்நிலைக் குமாஸ்தாக்கள், தையல்காரிகள் நெருக்கிக்கொண்டு பார்க்கிற இடம். அங்கேயிருந்து பார்த்தால் முகம் தெரியாது. தெரிவது வரிசைகளும் கோலங்களும். முன்வரிசைக்கு நாயகி தெரிந்தாள்; காலரிக்குக் குழு தெரிந்தது. இருக்கை மாறினால் கலையும் மாறுகிறது.

1905 புரட்சியில் ஆட்டக்காரர்களும் எழுந்தார்கள். அக்டோபரில் கூட்டம் போட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தார்கள்: ஃபோகின், பாவ்லோவா, கர்சாவினா. நல்ல சம்பளம் வேண்டும், கலைப் பொறுப்பாளர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்றார்கள். நிர்வாகம் விசுவாசப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது. கையெழுத்துப் போட்டுவிட்ட செர்கே லெகாத் தன் கழுத்தை அறுத்துக்கொண்டு செத்தார். மேடையில் மிதக்கிறவர்களுக்கும் எடை இருக்கிறது என்பதை அந்த மரணம் சொல்லிற்று.

ஜார் பட்டத்துக்கு வருமுன் அவருக்குக் காதலியாக இருந்தவர் மதில்டா க்ஷெஸின்ஸ்கா. அவருடைய மாளிகையை 1917இல் போல்ஷ்விக்குகள் எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் ஊர் திரும்பிய லெனின் அதன் மாடத்தில் நின்றுதான் பேசினார். வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அந்த அம்மாள் வழக்குப் போட்டார். முன்வரிசைக் காதல் கட்டிக்கொடுத்த வீட்டின் கதை அப்படி முடிந்தது.

4

புரட்சிக்குப் பிறகு பாலே தேவையா என்ற கேள்வி எழுந்தது. இது நிலப்பிரபுக்களின் பண்பாடு, செலவு வேறு என்று லெனின் பல்ஷோய் அரங்கை மூடச் சொன்னார். லுனச்சார்ஸ்கி எதிர்த்து நின்றார், மூடவில்லை. தொழிற்சங்கங்கள் வழியாகச் சீட்டுகள் போயின. தொழிலாளர்கள் முன்வரிசையிலேயே வந்து உட்கார்ந்தார்கள். இதை நான் சாதாரணமாக எண்ணவில்லை. ஆனால் சந்தாதாரன் எழுந்துபோன நாற்காலியில் அரசு உட்கார்ந்துகொண்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

1956 அக்டோபரில் பல்ஷோய் குழு முதல்முறையாக லண்டன் போனது. 46 வயது உலானவா ஜூலியட்டாக ஆடினார். சீட்டுக்காக மக்கள் இரவும் பகலும் நடைபாதையில் வரிசையில் கிடந்தார்கள். அந்தக் குழுவில் மாயா பிலிசெத்ஸ்கயா இல்லை. அப்பா 1938இல் சுட்டுக்கொல்லப்பட்டவர்; அம்மா முகாமில் அடைபட்டிருந்தவர். நம்பிக்கைக்குரியவர் இல்லை என்று மாஸ்கோவிலேயே நிறுத்திவிட்டார்கள். அதே அக்டோபரில் அவர் மாஸ்கோவில் 'அன்னப் பொய்கை' ஆடினார். அன்றைக்கு ரசிகர்கள் வழக்கமான கைதட்டலோடு நிற்கவில்லை. கத்தினார்கள், பூக்களை வீசினார்கள், ஓயவில்லை. சத்தம் போட்டவர்களைக் காவலர்கள் அரங்கிலிருந்து இழுத்துப் போனதையும், பிறகு ரசிகர்கள் விசாரணைக்கு அழைக்கப்பட்டதையும் பிலிசெத்ஸ்கயா 1994இல் வெளியான தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

கூட்டம் கூட முடியாத, துண்டுப் பிரசுரம் போட முடியாத ஊரில் கைதட்டல் ஒரு வாக்கியமாக மாறியிருக்கிறது. "நீ ஒதுக்கிவைத்தவள் எங்களுக்கு வேண்டும்" என்ற வாக்கியம். போலீஸ்காரனுக்கு அது நன்றாகப் புரிந்தது. புரியாதவர்கள், ரசிகன் என்றாலே ஏமாந்தவன் என்று முடிவு கட்டிவைத்திருக்கும் நாம்தான்.

ஆனால் காலரியைப் புனிதமாக்கிவிடவும் நான் தயாரில்லை. கூலிக் கைதட்டு பாரிசோடு முடியவில்லை. பல்ஷோயில் ஓசிச் சீட்டுக்குக் கைதட்டும் கூட்டம் இருப்பது 2013இலும் செய்தியானது. "உடம்பு போட்டுடுச்சு, முன்ன மாதிரி இல்ல" என்று ஆட்டக்காரியைத் தராசில் நிறுத்துவது முன்வரிசை மட்டுமல்ல. எங்கே உட்கார்ந்தாலும் சந்தாதாரன் நமக்குள்ளே எழுந்துவிடலாம்.

5

அப்படியானால் ரசிகரிடம் எஞ்சுவது என்ன? நான் சொல்வது இது: திரும்பத் திரும்பப் பார்த்தல். ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அழகு மட்டும் தெரியும். இருபதாவது தடவை அதே 'அன்னப் பொய்கை'யைப் பார்க்கிறவருக்கு அழகு பழகிப்போகிறது. பின்னால் இருக்கும் வேலை தெரிய ஆரம்பிக்கிறது. இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக நிற்கும் பெண் இன்றைக்குக் கணுக்காலைக் காப்பாற்றிக்கொண்டு ஆடுகிறாள் என்பது தெரிகிறது. 32 சுழற்சிகளில் எந்தச் சுழற்சியில் மூச்சு வாங்கியது என்பது தெரிகிறது. சரக்கு எப்போதும் தன்னை உண்டாக்கிய உழைப்பை மறைத்துக்கொண்டுதான் சந்தைக்கு வரும் என்று படித்திருக்கிறோம். எடையின்மை என்பதே உழைப்பை மறைக்கும் தந்திரம். அந்தத் திரையைத் தன் பித்தினாலேயே விலக்கிப் பார்க்கிறவர்தான் ரசிகர். செருப்பைத் தின்ற கதையைவிட எழுதத் தகுந்தது இந்தப் பார்வைதான்.

2019 டிசம்பரில் பிரான்சில் ஓய்வூதியச் சட்டத்துக்கு எதிராக வேலைநிறுத்தம் நடந்தது. பாரிஸ் ஆப்பெரா ஆட்டக்காரர்கள் 42 வயதில் ஓய்வுபெறும் ஏற்பாடு பதினான்காம் லூயி காலத்தில், 1698இல், வேர்கொண்டது. அதை எடுத்துவிடப் பார்த்தார்கள். ஆட்டங்கள் ரத்தாயின. டிசம்பர் 24 அன்று, குளிரில், ஆப்பெராவின் வெளிப்படிக்கட்டில் பெண்கள் வெள்ளை உடையில் வந்து 'அன்னப் பொய்கை'யின் ஒரு பகுதியை ஆடினார்கள். அவர்களுக்குப் பின்னால் போராட்டப் பதாகைகள். பார்த்தவர்கள் தெருவில் நின்றார்கள். சந்தா இல்லை, சீட்டு இல்லை. கையில் சீட்டு வைத்திருந்த ஒவ்வொரு ரசிகர் முன்னாலும் அந்த மாதம் இரண்டு வழி இருந்தது: காசைத் திருப்பிக் கேட்டு முணுமுணுப்பது, அல்லது அந்தப் படிக்கட்டுக்கு எதிரே போய் நிற்பது. எந்த நடனத்தை நேசிக்கிறோம் என்பதைவிட, இந்த இரண்டில் எங்கே நிற்கிறோம் என்பதுதான் நாம் எப்படிப்பட்ட ரசிகர் என்பதைச் சொல்லும்.