எதிர்வுகூறலும் வரலாறும்: விஞ்ஞானப் புனைகதைகள் பற்றிய ஒரு நோக்கு

வருங்காலத்தை அறிய விழைவது மனித இனத்தின் தொன்மையான ஆவல்களுள் ஒன்றாகும். சோதிடமும் குறிகேட்டலும் அவ்வாவலின் பழைய வடிவங்கள் எனின், கைத்தொழில் யுகம் அதற்கு அளித்த புதிய வடிவமே விஞ்ஞானப் புனைகதையாகும். இவ்விலக்கியத்தை மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஒரே அளவுகோலையே கையாளுகின்றனர். ஆசிரியர் கூறியது பலித்ததா, பலிக்கவில்லையா என்பதே அது. சோதிடரை அளக்க இவ்வளவுகோல் போதும். வரலாற்று மாணவனுக்குப் போதாது. எது பலித்தது என்பதோடு, ஏன் பலித்தது, எது கண்ணுக்குப் புலப்படாமற் போயிற்று என்ற வினாக்களும் எழுப்பப்படல் வேண்டும். நால்வரின் எழுத்துக்களைக் கொண்டு அவ்வினாக்களை ஈண்டு நோக்கலாம்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வேர்ண் 1865 இல் வெளியிட்ட நாவலில் மூவர் அலுமினியக் கலமொன்றில் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து சந்திரனை நோக்கிப் புறப்படுகின்றனர். 1870 இல் வெளிவந்த அதன் தொடர்ச்சியில் அவர்கள் சந்திரனைச் சுற்றிவந்து பசுபிக் சமுத்திரத்தில் வீழ்கின்றனர். 1968 டிசெம்பரில் அப்பலோ 8 கலமும் மூவருடன் புளோரிடாவிலிருந்தே புறப்பட்டு, சந்திரனை வலம்வந்து, பசுபிக்கிலே இறங்கியது. இவ்வொற்றுமை வியப்புக்குரியதெனினும் அற்புதமன்று. பூமத்திய ரேகையை இயன்றளவு அணுகிய இடமே ஏவுதலுக்கு உகந்ததென வானியற் கணிப்புக்களைக் கொண்டு வேர்ண் கண்டார்; ஐக்கிய அமெரிக்காவில் அத்தகைய இடங்கள் சிலவே. ஆனால், கலத்தைச் செலுத்த அவர் தெரிந்த சாதனமோ 900 அடி நீளமான பீரங்கி. அதன் அதிர்ச்சியிற் பயணிகள் கணப்பொழுதில் மாண்டிருப்பர். எனினும், வேர்ணின் கதைகளாற் கவரப்பட்ட ருஷ்யப் பாடசாலை ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி, 1903 இல் றொக்கற் மூலமான விண்பயணத்தின் கணித அடிப்படையை வெளியிட்டார். தவறான விடையொன்று சரியான ஆராய்ச்சிக்கு வித்திட்டது.

இங்கிலாந்தின் எச். ஜி. வெல்ஸ் வேறொரு வகையினர். பொறியின் அமைப்பிலும் அதன் விளைவிலேயே அவர் கருத்துச் சென்றது. ரேடியம் பற்றி பிரெடெரிக் சொடி எழுதிய நூலைப் பயின்ற அவர், 1914 இல் வெளியிட்ட நாவலில் விமானங்களிலிருந்து வீசப்படும் ‘அணுக்குண்டு’களையும் அவற்றால் அழியும் நகரங்களையும் சித்திரித்தார். 1932 இல் அந்நாவலைப் படித்த ஹங்கேரியப் பௌதிகவியலாளர் லியோ சிலார்ட், மறு ஆண்டிலேயே இலண்டனில் அணுக்கருத் தொடர்த் தாக்கம் என்னும் எண்ணக்கருவைக் கண்டடைந்தார். அதன் பயங்கர விளைவை முன்னுணர்ந்த அவர், அதற்கான ஆக்கவுரிமையைப் பிரித்தானியக் கடற்படையிடம் ஒப்படைத்து இரகசியமாகப் பேணச் செய்தார். நாசி ஜேர்மனி முந்திக்கொள்ளுமோ என்ற அச்சத்தால் 1939 இல் அமெரிக்க அரசைத் தூண்டியவரும் அவரே. 1945 யூலையில், குண்டைப் பயன்படுத்துவதற்கு எதிராக விஞ்ஞானிகளின் விண்ணப்பத்தைத் திரட்டியவரும் அவரே. அவ்விண்ணப்பம் பயனளிக்கவில்லை. ஆகஸ்ட் 6 ஆந் திகதி ஹிரோஷிமாவும் 9 ஆந் திகதி நாகசாகியும் அழிந்தன. ஆயின், வெல்சின் நாவலில் அழிவின் பின் மனித குலம் விழித்தெழுந்து உலக அரசொன்றை நிறுவுகின்றது. வரலாற்றில் குண்டு வந்தது. அந்த அரசு வரவில்லை.

மூன்றாமவர் இந்நாட்டுக்கு அந்நியரல்லர். 1956 இல் இலங்கையிற் குடியேறி 2008 இல் மறையும்வரை இங்கு வாழ்ந்தவரும், 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கியவருமான ஆதர் சி. கிளார்க்கே அவர். பிரித்தானிய விமானப்படையில் றேடார் அதிகாரியாயிருந்த அவர், 1945 ஒக்டோபரில் வானொலித் தொழினுட்பச் சஞ்சிகையொன்றில் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் வலம்வரும் பொருள் பூமியின் சுழற்சியோடு ஒத்தியங்கி, நிலத்திலிருந்து நோக்குவோர்க்கு அசையாது நிற்பதாகத் தோன்றும். அங்கு மூன்று நிலையங்களை அமைத்தால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்பது அதன் சாரம். அவ்வொழுக்கைப் பற்றி பொற்றோச்னிக் என்பார் 1928 இலேயே எழுதியிருந்தாராயினும், உலகத் தொடர்பாடலுக்கு அதனைத் திட்டமாக வகுத்தவர் கிளார்க். 1964 இல் சின்கொம் 3 செய்மதி அவ்வொழுக்கில் நிலைபெற்று ரோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளை அஞ்சல் செய்தது.

கிளார்க்கின் கணிப்பு ஒழுக்கினைப் பொறுத்தவரை சரியாயிருந்தது. அதனைச் சூழ்ந்தவற்றிற் பிழைத்தது. அந்நிலையங்களில் மனிதர் வாழ்ந்து பணிபுரிவர் என அவர் கருதினார். 1947 இல் திரான்சிற்றர் கண்டுபிடிக்கப்படுமெனவும், பழுதடையும் வால்வுகளை மாற்றுதற்கு விண்ணில் ஆள் வேண்டியிராதெனவும் அன்று எவரால் அறிய முடியும்? இதனினும் முக்கியமானது மற்றொன்று. அவ்வொழுக்கு வரையறுக்கப்பட்டதொரு வளம் என்பதும், அதற்காக நாடுகள் முரண்படும் என்பதும் அக்கட்டுரையில் இடம்பெறவில்லை. 1976 இல் கொலம்பியா, கென்யா, இந்தோனேசியா உள்ளிட்ட எட்டு நாடுகள் பொகோட்டா நகரிற் கூடி, தத்தம் நிலப்பரப்புக்கு மேலுள்ள ஒழுக்குப் பகுதி தமக்கே உரியதெனப் பிரகடனஞ் செய்தன. வல்லரசுகள் அதனை ஏற்கவில்லை. செய்மதி ஏவ வல்லோர் முந்திக்கொண்டனர். ஏனையோர் பிரகடனத்தோடு நின்றனர்.

1968 இல் வெளிவந்த ‘2001’ திரைப்படத்தின் கதையிலும் கிளார்க்குக்குப் பங்குண்டு. அதில் காட்டப்பட்ட சந்திரக் குடியிருப்பு 2001 இல் இருக்கவில்லை. 1972 டிசெம்பரில் அப்பலோ 17 திரும்பியபின் அரை நூற்றாண்டு கழிந்தும் சந்திரனில் மனிதக் காலடி மீண்டும் படவில்லை. காரணம் தொழினுட்பக் குறைபாடன்று. அமெரிக்க, சோவியத் போட்டியாற் பிறந்த முயற்சி, போட்டியில் வெற்றி கிட்டியதும் பணமின்றி ஒடுங்கியது. ஆனால், அப்படத்தின் கணினியைப் போல் மனிதரோடு உரையாடும் பொறி இன்று மாணவர் கைகளிலேயே உண்டு. விண்கலத்தின் அறையொன்றை நிரப்பிய அவ்வியந்திரம் சட்டைப்பையில் அடங்கும் தொலைபேசி வழியாக வருமென்பதை அப்படம் காணவில்லை. தொடர்பாடல் வளர்ந்தால் நகரங்கள் தேவையற்றுப்போகும் என 1964 இல் கிளார்க் எதிர்பார்த்ததும் பொய்த்தது. 2007 ஆம் ஆண்டளவில் மனித குலத்தின் அரைவாசிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாயினர். தொழிலும் அதிகாரமும் குவியும் இடத்திலேயே மக்களும் குவிவர் என்னும் சமூக உண்மை மாறவில்லை.

நான்காமவர் வங்காளத்து றொக்கேயா சகாவத் ஹுசைன். பாடசாலைக் கல்வி மறுக்கப்பட்டு வீட்டிலிருந்தே பயின்ற அப்பெண்மணி எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905 இல் சென்னையில் வெளிவந்த ஆங்கில மாதர் சஞ்சிகையிற் பிரசுரமாயிற்று. சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சமையலுக்கும் போருக்கும் பயன்படுத்துதல், முகிலிலிருந்து நீர் பெறுதல், வான்வழி வாகனம் ஆகியன அதில் இடம்பெறுகின்றன. அவற்றைக் கண்டுபிடிப்போர் பெண்களின் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர். வீட்டுக்குள் அடைபட்டோர் ஆண்கள். ஏனைய மூவரினும் றொக்கேயா வேறுபடுவது இங்கேயாகும். அவர் பொறியை மட்டும் மாற்றவில்லை; பொறியை ஆக்குவோர் யார் என்பதையும் மாற்றினார். வேர்ணின் கலத்திலும் அப்பலோ கலங்களிலும் சென்றோர் அனைவரும் ஆண்களே என்பதை நினைக்குந்தோறும் அக்கனவின் கூர்மை புலனாகும்.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிபு ஒன்றுண்டு. இயற்கையின் விதிகள் மாறாதவை; ஆகவே அவற்றைச் சார்ந்த கணிப்புக்கள் பலித்தன. சமூகமோ மனிதரின் தெரிவுகளாலும் அதிகாரப் போட்டிகளாலும் இயங்குவது. ஆகவே அதனைக் கணக்கிற் கொள்ளாத எதிர்வுகூறல்கள் பொய்த்தன. தொழினுட்பத்தை ஆக்காது பெறும் நாடுகளுக்கும் மொழிகளுக்கும் இவ்வுண்மை வெறும் இலக்கிய விமர்சனமன்று. இன்று உரையாடும் பொறி தமிழிலும் பேசுகின்றது. ஆனால் அது எவர் எழுத்தைக் கற்றது, எவர்க்கு உடைமையானது, எவர் தேவைக்கு ஏவப்படுகின்றது என்பன இன்னும் தீராத வினாக்கள். பொகோட்டாவில் எட்டு நாடுகள் விண்ணை நோக்கி எழுப்பிய வினா இன்று நிலத்திலேயே எழுந்துள்ளது. அன்று அவ்வினா ஒழுக்கிடங்கள் பலவும் பிறர் வசமாகத் தொடங்கிய பின்னரே எழுந்தது. இம்முறை முன்னரே எழுப்பும் பொறுப்பு பல்கலைக்கழகங்களைச் சார்ந்ததாகும்.