படகோட்டியும் பழவேற்காட்டுப் பாடும்

1964-ல் வந்த 'படகோட்டி'யை இத்தனை வருஷம் கழித்து முழுசாகப் பார்த்தேன். பாட்டு, கலர், எம்.ஜி.ஆர்., சரோஜாதேவி எல்லாம் சரி. கதைதான் ஏமாற்றம். இரண்டு மீனவக் கூட்டங்களுக்குள் பகை; மூட்டிவிடுவது பணக்கார நம்பியார். அவர் வேஷம் கலைந்ததும் பகையும் தீர்ந்துவிடுகிறது. நிஜக் கரையில் சண்டை இவ்வளவு சுலபமாகவா முடியும்?

லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனால் ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. இந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. இறால் நன்றாகக் கிடைக்கிற இடம் கொஞ்சம்தான். வலை கட்ட ஆள் அதிகம். அதனால் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இந்தமுறை நல்ல இடம் உங்களுக்கு என்றால் அடுத்தமுறை இன்னொருவருக்கு. எங்க சாஃப்ட்வேர் தொழிலில் இதை ரவுண்ட் ராபின் என்போம்.

ஆனா அந்தச் சீட்டில் பேர் இருக்கணுமே! பாடு என்பது பாரம்பரியமாகப் பட்டினவர் குப்பங்களின் உரிமை. அதே ஏரியை நம்பிப் பிழைக்கிற மற்ற சாதியினருக்கு அதில் பங்கு இல்லை. மோதல் வந்ததும் இதனால்தான். உள்ளே இருப்பவர்களுக்கு நியாயமாக நடக்கிற விதியே வெளியே இருப்பவர்களைத் தடுக்கிறது. இதில் நம்பியார் யார்?

2013-ல் மணிரத்னத்தின் 'கடல்' வந்தபோதும் எனக்கு அதே ஏமாற்றம். அங்கே மீனவர் கரை, ஒரு பாதிரியாருக்கும் அவர் எதிரிக்கும் நடக்கிற நன்மை தீமைப் போருக்குப் பின்னணி மட்டுமே.

எந்த இடத்தில் யார் வலை கட்டுவது, அதை யார் தீர்மானிப்பது? இதைக் கதையாக எடுத்தால் முதல் நாளே டிக்கெட் வாங்குவேன்.