ரேந்தை பின்னிய விரல்கள்

நம் ஆலயப் பீடத்தை மூடியிருக்கும் வெண்துணியின் ஓரத்தில், காற்றுக்கும் வழிவிடும் மெல்லிய பின்னல் ஒன்று தொங்குவதை நாம் அடிக்கடி காண்கிறோம். திருமுழுக்குக்குக் கொண்டுவரப்படும் குழந்தையின் சட்டையிலும், மணமகளின் முக்காட்டிலும், புதுநன்மை வாங்கும் சிறுமியின் வெள்ளுடையிலும் அதே பின்னல் அழகு செய்கிறது. இன்று அதனை 'லேஸ்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கு 'ரேந்தை' என்றொரு பழைய பெயரும் நம் மொழியில் உண்டு. 'ரெந்தா' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லே தமிழ் நாவில் ரேந்தையாயிற்று. சாவி, மேசை, அலமாரி, சன்னல் ஆகிய சொற்களும் அவ்வாறே கடல்வழி வந்து நம் வீடுகளில் குடியேறியவை. சொற்கள் நம்மோடு தங்கிவிட்டன. ஆனால் ரேந்தை என்ற சொல்லின் பின்னால் மறைந்து நிற்கும் விரல்களின் கதையை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செய்யப்படும் கைவேலைகளைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. மன்னன் கட்டிய கோட்டைக்கு ஆண்டும் பெயரும் உண்டு; அந்த மன்னனின் மேலங்கியில் பூவேலை செய்தவளுக்கு இரண்டுமே இல்லை. எனினும் ஒரு முழம் ரேந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் இழையைப் பின்தொடர்ந்து சென்றால், அடிமைத்தனம், பஞ்சம், கூலி, மானம் என்னும் பெரிய சொற்களெல்லாம் அதில் முடிச்சிடப்பட்டிருப்பதைக் காண்போம்.

முதலில் வேலையின் தன்மையை அறிந்துகொள்வது நலம். ரேந்தை பின்னும் முறைகள் பல. ஊசியும் நூலும் மட்டும் கொண்டு, துணி என்ற அடித்தளமே இன்றி வெறும் தையல்களால் உருவாக்குவது ஒரு முறை. திண்டு ஒன்றின்மேல் ஓவியம் வரைந்த தடித்த தாளை விரித்து, அதன் புள்ளிகளில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளை இணை இணையாக மாற்றிப் போட்டுப் பின்னுவது இன்னொரு முறை. இதில் அடிப்படையான அசைவுகள் இரண்டே: ஓர் இழையை மற்றொன்றின்மேல் குறுக்கிடுவதும், முறுக்குவதும்தான். இந்த இரண்டு அசைவுகளைக் கொண்டே மலரும் கொடியும் பிறக்கின்றன. வளைந்த முனையுடைய ஒற்றைக் கொக்கி ஊசியால் கண்ணி கண்ணியாகப் பின்னும் 'குரோஷா' மூன்றாவது முறையாகும். இவற்றுள் முதல் இரண்டும் 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் வெனிஸ் நகரிலும், இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த பிளாண்டர்சு நாட்டிலும் செழித்தன. அரசரும் பிரபுக்களும் கழுத்திலும் மணிக்கட்டிலும் ரேந்தை அணிந்தனர். அதைப் பின்னியவர்களோ பெரும்பாலும் ஏழைப் பெண்கள். அணிந்தவர் ஒருவர், ஆக்கியவர் வேறொருவர் என்ற இந்த இடைவெளியே ரேந்தையின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

இவ்வேலை தமிழ் மண்ணில் வேர்விட்ட இடங்களுள் நாகர்கோவில் முதன்மையானது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்பவரும் அவர்தம் துணைவியார் மார்த்தாவும் 1819-இல் அங்கு வந்து சேர்ந்தனர். அன்று அப்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. பெண்பிள்ளைகள் எழுத்தறிவது வழக்கமில்லாத அக்காலத்தில் மார்த்தா அம்மையார் சிறுமியருக்குப் பாடத்தோடு ரேந்தை பின்னவும் கற்பித்தார். பின்னிய ரேந்தை ஐரோப்பியக் குடும்பங்களுக்கு விற்கப்பட்டது. கிடைத்த வருவாயைச் சேர்த்து, அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என்று மறைபணியாளர் குறிப்புகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1855-இல்தான். அரசாணை பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, ஒரு மரக்குச்சியும் சிறிது நூலும் சில பெண்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தன என்பது எண்ணி வியக்கத்தக்கது. அவர்கள் நம் சபையைச் சேராதவர்கள் என்பதால் இந்த உண்மையின் ஒளி நமக்குக் குறைந்துவிடாது.

ஆனால் அதே நிலத்தில் வேறொரு காட்சியும் உண்டு. பிறர் உடைக்கு ஓர அழகு பின்னப்பட்ட அந்நாட்டில், ஒடுக்கப்பட்ட குலப் பெண்கள் தங்கள் மேனியை முழுதும் மூடிக்கொள்ளச் சாதி முறை இடம் தரவில்லை. நாடார் குலக் கிறிஸ்தவப் பெண்கள் தோள்சீலை அணிவதை 1829-ஆம் ஆண்டு அரசாணை மறுத்தது. நீண்ட போராட்டத்திற்குப் பின் 1859-இல்தான், அதுவும் வரம்புகளோடு, மேலாடைக்கு இசைவு கிடைத்தது. உடைக்கு நேர்ந்ததே அணிகலனுக்கும் நேர்ந்தது. திருவிதாங்கூரின் புலையர் குலப் பெண்கள் பொன்னும் வெள்ளியும் அணிய இயலாதவர்களாய், கல்லும் மணியும் கோத்த மாலைகளை அணியும்படி வைக்கப்பட்டிருந்தனர். 'கல்லுமாலை' என்னும் அதைப் பார்த்த அளவில் எளிய கைவினை என்றுதான் தோன்றும். அணிந்தவர்களுக்கோ அது அடிமைத்தனத்தின் முத்திரை. 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் எழுந்த போராட்டத்தின்போது, அய்யன்காளியின் வழிகாட்டுதலில் அப்பெண்கள் கல்லுமாலைகளை அறுத்தெறிந்தனர். எளிமை என்பது தானே விரும்பி ஏற்கும்போது புண்ணியம். பிறரால் சுமத்தப்படும்போது அது விலங்கு. 'எளிய அணிகலன் போதும்' என்று மேடையில் நாம் போதிக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

நாகர்கோவிலுக்கு மேற்கே முளகுமூட்டில் நம் கத்தோலிக்கத் திருச்சபையின் பங்கு தொடங்குகிறது. 1897 நவம்பரில் பெல்ஜியம் நாட்டின் ஈப்பர் நகரத்துக் கன்னியர் மடத்திலிருந்து அன்னை மரிய லூயிஸ் தெ மேஸ்தர் இளந்துறவி ஒருவருடன் அங்கு வந்து சேர்ந்தார். அவர் தொடங்கிய சபையே பின்னாளில் மரியின் மாசற்ற இருதயத்தின் பெயரால் வழங்கலாயிற்று. அவர்கள் விட்டு வந்த ஈப்பர், ரேந்தைக்குப் பேர்பெற்ற ஊர். வந்து சேர்ந்த முளகுமூட்டிலோ காத்திருந்தவர்கள் அநாதைக் குழந்தைகள். அக்குழந்தைகளுக்குச் சோறு கொடுப்பதோடு பணி முடிந்துவிடாது, கையில் ஒரு தொழிலும் கொடுக்க வேண்டும் என்று சகோதரியர் உணர்ந்தனர். முளகுமூட்டுச் சிறுமியர் ரேந்தையும் பூத்தையலும் கற்றது இவ்வாறே.

இதே உணர்வு வேறொரு கண்டத்தில் பஞ்சத்தின் நடுவே விளைந்ததை அயர்லாந்தில் காண்கிறோம். 1845-இல் அந்நாட்டின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். அந்நாட்களில் யோல் என்ற கடலோர ஊரின் கன்னியர் மடத்தைச் சேர்ந்த அன்னை மேரி ஆன் ஸ்மித், பழைய இத்தாலிய ரேந்தைத் துண்டு ஒன்றை இழை இழையாகப் பிரித்துப் பார்த்தே அதன் நுட்பத்தைக் கற்றார். கற்றதை ஊர்ப் பெண்களுக்கும் கற்பித்தார். 1852-இல் அங்கு ரேந்தைப் பள்ளி ஒன்று எழுந்தது. குளோன்ஸ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் குருவானவரின் துணைவியார் கசாந்திரா ஹேண்ட் குரோஷா வேலையைப் பரப்பினார். கொக்கி ஊசி ஒன்றும் நூற்கண்டு ஒன்றும் போதும். வேலையும் விரைவில் முடியும். ஒருத்தி ரோசாப்பூவைப் பின்னுவாள், மற்றொருத்தி இலையைப் பின்னுவாள், தேர்ந்தவள் அவற்றையெல்லாம் வலைபோன்ற பின்னலால் இணைப்பாள். அடுப்பு எரியாத வீடுகளில் இந்தப் பூக்கள் அடுப்பை எரித்தன.

இவ்வளவில் கட்டுரையை முடித்துவிட்டால் அது இனிய கதையாக இருக்கும், வரலாறாக இராது. கைவேலைக்குப் போட்டியாக இயந்திரம் வந்தது. 1809-இல் இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் வலைப்பின்னல் நெய்யும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் இயந்திர ரேந்தை எங்கும் மலிந்தது. கைப்பின்னலின் விலையைக் குறைத்துக் கேட்கும் துணிவு வணிகருக்கு வந்தது. ஆனால் இயந்திரத்தைவிடக் கொடிய பகைவன் ஒன்று உண்டு. 'இது வேலையா என்ன? வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வதுதானே?' என்னும் நம் எண்ணமே அது.

ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் உள்ள நரசாபுரம் இதற்குச் சான்று. 19-ஆம் நூற்றாண்டில் மறைபணியாளர் வழியாக அங்குப் பரவிய குரோஷா வேலை, பின்னர் பெரும் ஏற்றுமதித் தொழிலாயிற்று. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்குச் சென்று ஆராய்ந்து 1982-இல் நூலொன்று வெளியிட்டார். வீட்டை விட்டு வெளியே வராத குடும்பப் பெண்கள் சமையல், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றுக்கு இடையே நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னியதை அவர் கண்டார். அவர்கள் பெற்ற கூலி, வயல் வேலைக்கு அரசு வகுத்த குறைந்த கூலியைவிடவும் மிகக் குறைவு. நூல் தருபவர் ஒருவர், பின்னியதை வாங்கிச் செல்பவர் ஒருவர், ஏற்றுமதி செய்பவர் ஒருவர் எனப் பலர் வளர்ந்தனர். பின்னியவளை எவரும் தொழிலாளி என்று அழைக்கவில்லை, 'இல்லத்தரசி' என்றனர். அழகான பெயர்தான், ஆனால் அந்தப் பெயரே அவளுடைய கூலியை விழுங்கிற்று.

இங்கே விவிலியம் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. பாலைநிலத்தில் சந்திப்புக் கூடாரம் அமைக்கப்பட்டபோது, பெட்சலேலுக்குக் கைத்திறன் இறைவனின் ஆவியால் அருளப்பட்டது என்று விடுதலைப் பயண நூல் உரைக்கிறது. அவரும் அவருடைய துணைவர் ஒகோலியாபும் பெயர் சொல்லிப் போற்றப்படுகின்றனர். அக்கூடாரத்திற்காகத் தங்கள் கைகளால் நூல் நூற்றுத் தந்த பெண்களையும் அந்நூல் மறவாமல் குறிப்பிடுகிறது. ஆனால் அவர்களுள் ஒருவர் பெயரும் இல்லை. யோப்பாவின் தபித்தா இறந்தபோது நிலைமை மாறுகிறது. அவர் தைத்துக் கொடுத்த ஆடைகளைக் கைம்பெண்கள் பேதுருவிடம் காட்டி அழுகின்றனர். ஒரு பெண்ணின் கைவேலையே அவளது வாழ்க்கைக்குச் சாட்சியாக நின்ற இடம் அது. அங்கே அவளுக்குப் பெயரும் இருக்கிறது.

உழைப்பவருக்கு நியாயமான கூலி உரியது என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். செய்யப்படும் பொருளைவிடச் செய்யும் மனிதரே மேலானவர் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் கற்பித்தார். இவ்விரு போதனைகளையும் ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் மட்டும் உரியனவாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அவை வீட்டுத் திண்ணைக்கும் உரியவை. பாசிமணி கோப்பவளுக்கும், பனையோலையில் பெட்டி முடைபவளுக்கும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்பவளுக்கும் உரியவை.

பங்குகளில் கைவினைக் கண்காட்சி நடத்துகிறோம்; நல்லதே. அங்கு வைக்கப்படும் பொருளின் விலைச்சீட்டில் நூலின் விலையை மட்டும் கணக்கிட்டு, அதன்மேல் சிறு தொகை சேர்த்து எழுதிவிடுவது நம் வழக்கம். பின்னியவள் செலவிட்ட மணி நேரங்களையும் கணக்கிட்டு எழுதிப் பார்ப்போமா? பட்டுக்கடையில் கேட்ட விலையை வாய்திறவாமல் கொடுக்கும் நாம், வாசலில் கூடையோடு நிற்கும் பெண்ணிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடுகிறோம். அவள் பின்னியதைப் 'பொழுதுபோக்கு' என்று நம் மனம் தீர்மானித்துவிட்டதே இதற்குக் காரணம். மகளிர் குழுக்கள் கைவேலை கற்பிக்கும்போது, கணக்கெழுதவும் விலை சொல்லவும், தாழ்ந்த விலைக்குத் 'தரமாட்டேன்' என்று மறுக்கவும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். நாகர்கோவிலின் அடிமைப்பெண் தன் விடுதலைக்குக் கொடுத்த காசு, அவள் பின்னியதற்கு ஒருவர் கொடுத்த காசு அல்லவா? அந்தக் காசைக் குறைத்தவர் அவளது விடுதலை நாளையும் தள்ளிப்போட்டிருப்பார்.

அடுத்த திருவிழாவிற்குப் பீடத்துணி வாங்கும்போது, அதன் ஓரத்தைப் பின்னியவர் யார், அவருக்குக் கிடைத்த கூலி எவ்வளவு என்று விற்பவரிடம் கேட்போம். அவருக்கு விடை தெரியாமல் போகலாம். அப்படியானால் விடை தெரிந்தவரிடமே வாங்குவோம்.