கணக்கு மாத்திரையும் மூத்திரப்பையும்

கவனக்குறைவுக் கோளாறுக்கான மருந்துகளின் வரலாற்றை எல்லோரும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1937, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட், எம்மா பென்டில்டன் பிராட்லி இல்லம். மூளையைப் படமெடுக்க முதுகுத்தண்டு நீரை வடித்துக் காற்றைச் செலுத்தியதில் பிள்ளைகளுக்குக் கடும் தலைவலி. மருத்துவர் சார்லஸ் பிராட்லி பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமினைக் கொடுத்துப் பார்க்கிறார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை; படிப்பு ஓடத் தொடங்கியது. 30 பேரில் 14 பேரிடம் வியப்பூட்டும் மாற்றம். பிள்ளைகள் வைத்த பெயர் 'கணக்கு மாத்திரை'.

நான் வேறொரு இடத்திலிருந்து தொடங்குகிறேன். அதே 1937இல் மோலிச், போலியாகாஃப் என்ற இருவர் அதே பென்செட்ரின் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை, படுக்கையில் மூத்திரம் போகும் பிள்ளைகள்.

இந்த மருந்துகள் நோரட்ரினலினின் வேலையைக் கூட்டுகின்றன. அது மூளையோடு நிற்பதில்லை. மூத்திரப்பையின் சுவரைத் தளர்த்துகிறது, பையின் கழுத்தை இறுக்குகிறது. தேக்குவது சுலபம், வெளியேற்றுவது கஷ்டம்.

படுக்கை நனையக்கூடாது என்பது நோக்கமாக இருந்தபோது இந்த இறுக்கத்துக்குப் பெயர் சிகிச்சை. 1955இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டாலின் பின்னர் வகுப்பறைக்கான மருந்தானபோது அதே இறுக்கம் பக்கவிளைவு. 1990களில் சிரிக்கும்போது மூத்திரம் கசியும் பிள்ளைகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தார்கள், மறுபடியும் சிகிச்சை. உடல் அதே உடல்தான். எது விளைவு, எது 'பக்கம்' என்று தீர்மானிக்கிற அதிகாரம் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

"அப்ப மருந்தே வேண்டாங்கிறீங்களா?" என்று நண்பர்கள் கேட்கலாம். இல்லை. இக்கோளாறுள்ள பிள்ளைகளிடம் படுக்கை நனைத்தல் மற்றவர்களைவிட அதிகம். மருந்தால் அதுவும் நின்று, படிப்பும் கூடியவர்கள் உண்டு. அவர்கள் கையிலிருந்து மாத்திரையைப் பிடுங்குவதல்ல என் அரசியல். ஆனால் சிலருக்கு மூத்திரம் வர மறுக்கிறது. முக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது, வலிக்கிறது. அரிதாக முழுக்க அடைத்தே போகிறது. மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். சொல்லணுமே! மதிப்பெண்ணுக்கு ஏடு இருக்கிறது. மூத்திரம் போகாததற்கு எந்தப் பள்ளியில் ஏடு இருக்கிறது? அடிக்கடி எழுந்து போகாமல், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பவன் வகுப்புக்கு 'நல்ல பையன்'. அவன் வலி அங்கே ஒழுக்கமாக வாசிக்கப்படுகிறது.

"கணக்கு போட்டியா?" என்று கேட்கிற நாம், "ஒன்னுக்கு ஒழுங்காப் போகுதா?" என்றும் கேட்போம். அந்தப் பதிலிலிருந்தும் இம்மருந்தின் வரலாற்றை எழுதலாம்.