புயற் கூண்டும் காஷன் ஆர்டரும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் காலனியில் இருவர் சந்தித்தால் முதற்பேச்சு மழையைப் பற்றியதாகவே இருக்கும். கடல் நமக்கு அண்மையில் இல்லை. ஆயினும் வங்காள விரிகுடாவில் ஒரு தாழ்வு மண்டலம் தோன்றிவிட்டால், வடமாலபேட்டையைச் சுற்றியுள்ள ஏரிகள் தளும்புகின்றன. சுவர்ணமுகியில் வெள்ளம் புரள்கின்றது. அவ்வேளையில் வானொலி வாயிலாகவும் கைப்பேசி வாயிலாகவும் வந்து குவியும் ஆங்கிலச் சொற்கள்தாம் எத்தனை! போர்காஸ்ட், வாட்ச், அலர்ட், வார்னிங், புல்லட்டின். நாமோ அனைத்தையும் "எச்சரிக்கை" என்னும் ஒரு சொல்லில் அடக்கி, குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறோம். அச்சொற்கள் வெவ்வேறாகப் பிரிந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற வரலாறு அது.

1859-ஆம் ஆண்டு அக்டோபரில், ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய "ராயல் சார்ட்டர்" என்னும் கப்பல் வேல்ஸ் நாட்டுக் கரையோரம் புயலில் மோதிச் சிதைந்தது. நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்தில் இங்கிலாந்து அரசாங்கத்தின் வானிலைத் துறைக்குத் தலைவராயிருந்தவர் ராபர்ட் பிட்ஸ்ராய். டார்வினை உலகம் சுற்றி அழைத்துச் சென்ற "பீகிள்" கப்பலின் தலைவர் இவரே. தந்தி வழியே பல ஊர்களின் காற்று நிலையைத் திரட்டினால், புயல் வருமுன்னரே துறைமுகங்களுக்குச் சொல்லிவிடலாம் என்று அவர் கண்டார். 1861 பிப்ரவரியில் எச்சரிக்கைகள் தொடங்கின. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளன்று லண்டன் "டைம்ஸ்" பத்திரிகையில் பொதுமக்களுக்கான வானிலைக் குறிப்பும் வெளிவந்தது.

அதற்கு என்ன பெயரிடுவது? சோதிடர் சொல்லும் ஆரூடத்திற்கும் ஆங்கிலத்தில் சொல் உண்டு. அதனைப் பிட்ஸ்ராய் விலக்கினார். கணக்கிட்டு உரைக்கும் கருத்து இது, தீர்க்கதரிசனம் அன்று என்று விளக்கி, "போர்காஸ்ட்" என்னும் சொல்லைக் கையாண்டார். கருத்து பிழைபடக்கூடும் என்னும் அடக்கம் அச்சொல்லிலேயே இருந்தது. ஆனால் பிழைத்தபொழுதெல்லாம் அவரை எள்ளி நகையாடினர். 1865-ல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு புயல் எச்சரிக்கைகளும் நிறுத்தப்பட்டன. 1867-ல் மீண்டும் வந்தன.

நம் நாட்டில் இது 1864-ஆம் ஆண்டின் இரு பேரழிவுகளுக்குப் பின்னரே தொடங்கியது. அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் இறந்தனர் என்பர். அடுத்த மாதமே நம் ஆந்திரக் கரையில் மசூலிப்பட்டினத்தைக் கடல் புரண்டு அழித்தது. அங்கே மாண்டோர் சுமார் 30,000 பேர். 1865-ல் கல்கத்தாத் துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875-ல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது.

சென்னைத் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயற் கூண்டுகளை நம்மவர் அறிவர். கூம்பும் உருளையுமாகிய அடையாளங்களைக் கம்பத்தில் ஏற்றும் வழக்கம் பிட்ஸ்ராய் காலத்ததே. 1-ஆம் எண் தொலைவில் தாழ்வு நிலை உண்டு என அறிவிக்கும். 3, 4 ஆகியவை துறைமுகத்தையே நோக்கிச் சொல்பவை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். பத்துக்கு மேல் என்ன இருக்கக்கூடும் என்று கேட்கலாம். 11-ஆம் எண் ஒன்று உண்டு. எச்சரிக்கை நிலையத்தோடு செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். செய்தி வராமையையும் ஒரு செய்தியாக்கிக் கம்பத்தில் ஏற்றிய அறிவை நாம் வியவாதிருக்க இயலவில்லை.

இருப்புப்பாதையிலும் இதே நெறிதான். விளக்கு எரியாத சிக்னலை "நில்" என்று கொள்ளவேண்டும் என்பது விதி. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில், பாம்பனிலிருந்து சென்ற 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கியபொழுது சிக்னல் இருண்டு கிடந்தது என்றும், சற்று நின்ற பின்னர் வண்டி நகர்ந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். பேரலை வந்து வண்டியை வாரிக்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளுள் ஒருவரும் மீளவில்லை. அந்த ஓட்டுநரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. முன்னும் நீர், பின்னும் நீர். கேட்டறியவோ ஒருவரும் இல்லை.

நம் இலாகாவில் "காஷன் ஆர்டர்" என்று ஒன்று உண்டு. பாதையில் எங்கேனும் பழுதிருந்தால், எந்த இடத்தில், எத்தனை மைல் வேகத்தில் செல்லவேண்டும் என எழுதி (இப்பொழுது கிலோமீட்டர்) ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். கொடுத்தால் மட்டும் போதாது. அவருடைய கையொப்பம் பெறவேண்டும். சொன்னேன் என்பது வேறு, அவர் பெற்றுக்கொண்டார் என்பது வேறு. முன்னது இன்பர்மேஷன், பின்னதே வார்னிங். நம் சொல்லிலும் இப்பொருள் இல்லாமல் இல்லை. தெலுங்கர் "ஹெச்சரிக" என்பர். அரசர் நடந்து வருகையில் கட்டியக்காரர் எதிரே நின்று பார்த்து வருமாறு கூவியது அது. எதிரே ஆள் நின்று, அவர் செவியில் விழச் சொல்வதே எச்சரிக்கை.

இக்காலத்து வானிலைத் துறை நிறங்களையும் வகுத்துள்ளது. அன்றாட வானிலையில் மஞ்சள் "வாட்ச்", ஆரஞ்சு "அலர்ட்", சிவப்பு "வார்னிங்". புயலுக்கான அறிவிப்பிலோ மஞ்சள்தான் "அலர்ட்", ஆரஞ்சு "வார்னிங்". நாம் "ரெட் அலர்ட்" என்று இரண்டையும் கலந்து பேசுகிறோம். படித்தவர்க்கே தடுமாற்றம் எனில், வயலில் நிற்பவர் என் செய்வார்?

2021 நவம்பரில் இதனை நம் அண்டையிலேயே கண்டோம். தாழ்வு மண்டலம் ஒன்று புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. கனமழை உண்டு என்று முன்னரே அறிவிப்பு வந்திருந்தது. 19-ஆம் நாள் அதிகாலையில் செய்யேற்றின் அன்னமய்யா அணைக்கரை உடைந்தது. ஆற்றோரச் சிற்றூர்களில் வெள்ளம் புகுந்தது, நந்தலூர் அருகே பேருந்துகள் சிக்கின, பலர் உயிரிழந்தனர். நந்தலூருக்கும் ராஜம்பேட்டைக்கும் இடையே தண்டவாளத்தின் அடிமண் அரித்துச் செல்லப்பட்டது. வண்டிகளை நிறுத்தவும் வேறு வழியே திருப்பவும் நம் இலாகாவில் ஏற்பாடு உண்டு. வீட்டில் உறங்குவோரிடம் கையொப்பம் வாங்கும் ஏற்பாடு எங்கும் இல்லை.

நம் காலனியில் தாழ்ந்த பகுதி வீடுகள் எவை என்பது எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் சங்கத்து இளைஞர் இருவர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவ்வீடுகளுக்குச் சென்று, செய்தியைச் சொல்லிக் கையொப்பம் பெற்று வரலாகாதா? செயற்குழுவினர் இதனை ஆலோசிப்பார்களாயின், நோட்டுப் புத்தகத்தை நாமே வாங்கித் தருகிறோம்.