வண்டி திரும்பும்போது ‘கட கட’னு சத்தம் வருதா? சிவி ஜாயின்ட்டை லேசா நினைக்காதீங்க!

பார்க்கிங்கில் இருந்து ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு காரை எடுக்கும்போது, முன் சக்கரத்துப் பக்கம் ‘கட கட’னு ஒரு சத்தம். நேரா ஓட்டினா சத்தத்தைக் காணோம். பிரேக் நல்லா பிடிக்குது, மைலேஜும் குறையலை. ‘அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்’னு பாட்டு வால்யூமைக் கூட்டிட்டுப் போறவங்க நிறைய பேர். ஆனால், அந்தச் சத்தம் பெரும்பாலும் சிவி ஜாயின்ட் தேய்ந்துவிட்டது என்பதற்கான எச்சரிக்கை. அதைக் கேட்டும் கேட்காத மாதிரி ஓட்டினால் என்ன ஆகும்?

அது என்ன சிவி ஜாயின்ட்?

ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ20 என நம் சாலைகளில் அதிகம் பார்க்கிற சின்ன கார்கள் எல்லாம் முன்சக்கர டிரைவ் கொண்டவை. கியர்பாக்ஸில் இருந்து இரண்டு முன் சக்கரங்களுக்கும் ஆளுக்கொரு டிரைவ் ஷாஃப்ட் போகும். மெக்கானிக் இதை ‘ஆக்ஸில்’ என்பார். சக்கரம் இடம், வலம் திரும்ப வேண்டும். பள்ளத்தில் ஏறி இறங்க வேண்டும். அதே நேரம் சீராகச் சுழலவும் வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்ய வைப்பதுதான் கான்ஸ்டன்ட் வெலாசிட்டி ஜாயின்ட், சுருக்கமாக சிவி ஜாயின்ட். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று இருக்கும். சக்கரத்தை ஒட்டிய ஜாயின்ட்டில் பொதுவாக ஆறு எஃகு குண்டுகள் இருக்கும். 1959-ல் பிரிட்டனில் வந்த மினி காரிலேயே இந்த டிசைன் உண்டு.

கிழிவது ரப்பர், போவது ஜாயின்ட்!

துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இந்த ஜாயின்ட்டை மூடியிருக்கும். அதன் பெயர் பூட். உள்ளே கிரீஸ். வயசாகியோ, கல் பட்டோ பூட் கிழிந்தால் சக்கரம் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும். மழைத்தண்ணியும் மணலும் உள்ளே போகும். மிச்சமிருக்கும் கிரீஸில் மணல் கலந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். குண்டுகள் ஓடும் பள்ளங்கள் தேய்ந்து இடைவெளி விழும். திரும்பும்போது கேட்கிற ‘கட கட’ இதுதான்.

உடைந்தால் என்ன ஆகும்?

சத்தம் கேட்ட அன்றைக்கே ஜாயின்ட் உடைந்துவிடாது. ஆனால், எப்போது உடையும் என்று யாராலும் சொல்லவும் முடியாது. உடைந்தால் மூன்று ஆபத்துகள்:

1. வண்டி இழுக்காது: ஒரு பக்க ஷாஃப்ட் போனாலே போதும். டிஃபரென்ஷியல் சக்தி முழுவதையும் அந்தப் பக்கமே வீணாக்கிவிடும். எஞ்சின் உறுமும், கார் நகராது. இது பைபாஸின் நடு லேனில் நடந்தால், பின்னால் வரும் லாரியை நினைத்துப் பாருங்கள்.

2. எஞ்சின் பிரேக்கிங் கிடைக்காது: 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலை மாதிரி இடங்களில் சின்ன கியரில் இறங்குவதே எஞ்சின் வேகத்தைப் பிடித்து வைக்கும் என்பதால்தான். ஷாஃப்ட் உடைந்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். மொத்த பாரமும் பிரேக் மேல் விழும், பிரேக் சூடேறும். உடைந்த ஷாஃப்ட் சுழன்று அடித்து பிரேக் ஹோஸையோ, ஏபிஎஸ் வயரையோ சேதப்படுத்தவும் வாய்ப்பு உண்டு.

3. ‘பி’ போட்டாலும் கார் உருளும்: பலருக்குத் தெரியாத விஷயம் இது. ஆட்டோமேட்டிக் காரில் ‘பி’ போட்டால் பூட்டுவது கியர்பாக்ஸை, சக்கரத்தை அல்ல. நடுவில் ஷாஃப்ட் இல்லை என்றால் சரிவில் கார் தானாக உருளும். மேனுவல் காரை கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். அப்போது காப்பாற்றுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே.

நீங்களே செக் பண்ணலாம்

* காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு, மெதுவா வட்டமடிங்க. முதலில் இடம், அப்புறம் வலம். எந்தப் பக்கம் திருப்பும்போது சத்தம் வருதுனு மெக்கானிக்கிட்ட சொல்லுங்க.

* காரை நிறுத்தி, சக்கரத்தைத் திருப்பி வைத்து, மொபைல் டார்ச் அடித்து சக்கரத்துக்குப் பின்னால் பாருங்க. ரப்பரில் வெடிப்போ, ரிம்மின் உள்பக்கம் கறுப்பு கிரீஸோ தெரிந்தால் பூட் போச்சு. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகாதீங்க.

* நேரா போகும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா மட்டும் வண்டி உதறினால், கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்க.

* திரும்பாமலே, வேகத்துக்கு ஏற்ப ‘ஊம்ம்’னு சத்தம் கூடினால் அது வீல் பேரிங்காக இருக்கலாம். அதுவும் தள்ளிப்போடக் கூடியது இல்லை.

பழைய கார் வாங்கப் போறீங்களா? டெஸ்ட் டிரைவில் இந்த வட்டமடிக்கிற டெஸ்ட்டை மறக்காதீங்க. எலெக்ட்ரிக் கார்னாலும் விதிவிலக்கு இல்லை. அதிலும் டிரைவ் ஷாஃப்ட் உண்டு.

எதை மாற்றணும்?

பூட் மட்டும் கிழிந்து, சத்தம் இன்னும் வரவில்லை என்றால் அதிர்ஷ்டம். ஜாயின்ட்டைச் சுத்தம் செய்து, புது கிரீஸ் வைத்து, பூட்டை மாற்றினால் போதும், செலவு குறைவு. சத்தம் வந்துவிட்டால் ஜாயின்ட்டையோ, முழு ஷாஃப்ட்டையோ மாற்றித்தான் ஆகணும். ‘கிரீஸ் வெச்சா சரியாகிடும்’னு யாராவது சொன்னால் நம்பாதீங்க. சத்தம் கொஞ்ச நாள் அடங்கும். தேய்ந்த இரும்பு திரும்ப வளராது.

ஓடும்போதே உடைந்துவிட்டால்? பதற வேண்டாம். ஹஸார்டு லைட் போட்டு, இருக்கிற வேகத்திலேயே இடது ஓரத்துக்கு வாங்க. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அப்புறம் இறங்கி டோயிங்குக்கு போன் பண்ணுங்க.

மலைக்கு டிரிப் பிளான் பண்ணியிருந்தால், ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு முறை வட்டமடிச்சுப் பார்த்துடுங்க!